வீட்டுக்குள் ஒரு கம்பியில்லா வலை

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

விஞ்ஞானம் என்றவுடன் ராக்கெட்டும் செயற்கைக்கோளும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம் வீட்டு அலமாரியின் மேல் பச்சை விளக்கு மின்ன அமர்ந்திருக்கும் ரவுட்டர் என்னும் சிறு பெட்டியும் விஞ்ஞானத்தின் குழந்தையே. ஓர் இணைய இணைப்பையும் ஓர் அச்சுப்பொறியையும் வீட்டிலுள்ளோர் அனைவரும் பகிர்ந்துகொள்ள அது உதவுகிறது. அதனை அமைக்கும் முறையையும், எங்கள் வீட்டில் அது கற்றுத் தந்த பாடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

அலைகளின் கதை

1888-ஆம் ஆண்டளவில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைச் சோதனை மூலம் மெய்ப்பித்தார். 1890-களில் நம் நாட்டின் ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நுண்ணலைகளை ஆராய்ந்தார். 1901-இல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கம்பியில்லாச் செய்தி அனுப்பினார். 1971-இல் ஹவாய்த் தீவுகளில் கணினிகளை வானொலி அலைகளால் இணைத்த 'அலோஹாநெட்' இயங்கத் தொடங்கியது. 1997-இல் கம்பியில்லா வலைக்குரிய 802.11 என்ற பொதுவிதி வெளியாயிற்று. 'வைஃபை' என்ற பெயர் 1999-இல் வந்தது.

இன்று வீடுகளில் பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகள் பயன்படுகின்றன. முன்னதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். அது சுவரைக் கடந்து சற்றுத் தொலைவு செல்லும். பின்னது வேகம் மிக்கது. ஆனால் சுவர் குறுக்கிட்டால் விரைவில் வலுவிழக்கும்.

அமைக்கும் முறை

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதியில், தரையில் வைக்காமல் உயரத்தில் வைத்தல் நலம். இரும்பு பீரோ அலைகளைத் தடுக்கும். தண்ணீர் அவற்றை உறிஞ்சும். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டியே வேலை செய்வதால் அதன் அருகிலும் வைக்கலாகாது.

அடுத்து, வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பை ரவுட்டரில் பொருத்த வேண்டும். பிறகு கணினியின் இணைய உலாவியில் ரவுட்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பதை, இட்டால் அதன் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் பாஸ்வேர்டை மாற்றுவது. இரண்டாவது, வலைக்கு ஒரு பெயர் சூட்டுவது. மூன்றாவது, பாதுகாப்பு முறையாக டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என்பதைத் தேர்ந்து, வலைக்கென நீண்டதொரு பாஸ்வேர்டு வைப்பது. இவ்விரு பாஸ்வேர்டுகளும் வேறு வேறு என்பதை மறக்கக் கூடாது. டபிள்யூ.இ.பி. என்னும் பழைய முறை எளிதில் உடைபடும் என்பது 2001-இலேயே வெளிப்பட்டுவிட்டது.

விடுதியும் வார்டனும்

விடுதி மாணவியர் எத்தனை பேராயினும் கடிதங்கள் ஒரே முகவரிக்குத்தான் வருகின்றன. வார்டன் பெயர் பார்த்து அவரவர் அறைக்கு அனுப்புகிறார் அல்லவா? ரவுட்டர் செய்வதும் அதுவே. வெளியுலகுக்கு வீடு முழுவதற்கும் ஒரே முகவரி; உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.7 என்பது போன்ற தனி எண். இந்த எண்ணை ஐ.பி. முகவரி என்பர். அதை வழங்குவதும் ரவுட்டரே.

அச்சுப்பொறியின் திரையில் நம் வலையைத் தேர்ந்து பாஸ்வேர்டை இட்டால் அதுவும் ஓர் அறைவாசி ஆகிவிடும். பின்னர் ஒவ்வொரு கணினியிலும் அதைச் சேர்க்க வேண்டும். பல அச்சுப்பொறிகள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே சேரும். மேலும் விருந்தினருக்கான தனி வலையில் இணைந்த கைப்பேசிக்குப் பெரும்பாலும் வீட்டு அச்சுப்பொறி தெரியாது.

எங்கள் வீட்டில் நடந்தது

என் அக்காள் கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் படிவத்தை நேரில் கொடுக்க வேண்டும். முந்தைய இரவு மின்சாரம் போய் வந்தது. அதன்பின் அச்சிட முயன்றபோது அச்சுப்பொறி அசையவே இல்லை! இணையமோ நன்றாக வந்தது. கணினியை அணைத்தோம், மீண்டும் இயக்கினோம், பயனில்லை. பென் டிரைவை எடுத்துக்கொண்டு அப்பா ஓடினார். தெருமுனைக் கடை மூடியிருந்தது. அக்காள் கண் கலங்கிவிட்டாள்.

அப்போது அம்மா, "வாங்கின அன்றைக்கு அதோடு ஒரு ஒயர் வந்ததே, அது எங்கே?" என்று கேட்டார். பரணில் அட்டைப் பெட்டிக்குள் இருந்தது. கணினியையும் அச்சுப்பொறியையும் அந்த ஒயரால் இணைத்தோம். ஐந்து நிமிடத்தில் படிவம் கையில் வந்தது.

காரணத்தை மறுநாள் கண்டுபிடித்தேன். மின்சாரம் வந்தபின் ரவுட்டர் எண்களைப் புதிதாக வழங்கியிருந்தது. 7-ஆம் எண்ணில் இருந்த அச்சுப்பொறி 12-ஆம் எண்ணுக்கு மாறிவிட்டது. கணினியோ பழைய எண்ணையே நினைவில் வைத்திருந்தது. அறை மாறிப்போன தோழியை நாம் பழைய கதவிலேயே தட்டிக்கொண்டு நிற்பது போலத்தான்! ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அச்சுப்பொறிக்கென ஓர் எண்ணை நிலையாக ஒதுக்கி வைக்கலாம். அவ்வாறு செய்து, கணினியிலும் அந்த எண்ணையே குறித்தேன். அதன்பின் எத்தனையோ முறை மின்சாரம் போய் வந்துவிட்டது. அச்சுப்பொறி தன் அறையை விட்டு நகரவில்லை.

கவனிக்க வேண்டியவை

பாஸ்வேர்டு இல்லாத வலை, தாழிடாத வீட்டுக்கு ஒப்பாகும். யாரோ ஒருவர் அதில் நுழைந்து தவறு செய்தால் விசாரணை நம் வீட்டு வாசலுக்கே வரும். பக்கத்து வீட்டு வலை திறந்து கிடந்தாலும் கேளாமல் பயன்படுத்துவது நேர்மையன்று. ரவுட்டருக்கான புதிய மென்பொருளை அவ்வப்போது ஏற்றுவதும் அவசியம்.

முடிவுரை

பகிர்ந்துகொள்ளும் பொருள் எதுவாயினும் அதற்கு ஒழுங்கு வேண்டும். யார் எங்கே இருக்கிறார் என்று மற்றவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். எனவே தோழியரே, இன்றே உங்கள் வீட்டு அச்சுப்பொறிக்கு நிலையான எண் ஒன்றை ஒதுக்குங்கள். அதனுடன் வந்த ஒயரையும் பத்திரமாக வையுங்கள். எங்கள் வீட்டில் அது இப்போது பரணில் இல்லை. அச்சுப்பொறியின் பக்கத்திலேயே ஓர் ஆணியில் தொங்குகிறது.