விறகடுப்பும் எருச் சிக்கனமும்

ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லிப் பக்கங்களில் எரிவாயு அடுப்பு வந்த பின்னரும், கால்நடை வைத்துள்ள வீடுகளில் விறகடுப்பு முற்றும் ஒழிந்துவிடவில்லை. வெந்நீர் போடவும், மாட்டிற்குக் கஞ்சி காய்ச்சவும், நெல் புழுக்கவும் பின்கட்டில் அது எரிகின்றது. சவுக்கு, வேலிகாத்தான், தென்னை மட்டை ஆகியவை போதாதபோது வரட்டியும் அதிற் போகின்றது. ஆதலின் அடுப்பெரித்தல் சமையற்கட்டைப் பொறுத்த விஷயம் மட்டுமன்று, எருக்குழியைப் பொறுத்ததுமாகும். விறகு கிடைக்கச் செய்தால் சாணம் நிலத்திற்குச் சேருமென்று இரசாயன நிபுணராகிய டாக்டர் வோல்க்கர் 1893-ஆம் வருஷத்து அறிக்கையிலேயே வற்புறுத்தியுள்ளார். விறகைச் சிக்கனமாக எரிப்பினும் அதே பலன் உண்டாகும்.

புகை உண்டாகும் விதம்: புகையென்பது பெரும்பாலும் எரியாமல் தப்பிய விறகேயாகும். ஈரம், காற்றுக் குறைவு, அடுப்பு வாய் நிறைய விறகைத் திணித்தல் ஆகிய மூன்றுமே இதற்கு முக்கிய காரணங்கள். அப்புகை பெண்டிரின் நுரையீரலையும் கண்களையும் கெடுக்கின்றது. சிறு குழந்தைகளுக்கு நிமோனியா காண ஏதுவாகின்றது.

விறகு: அன்று வெட்டிய பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி நீரே. அந்நீரை ஆவியாக்குவதிலேயே நெருப்பின் சூடு வீணாகும். மாசி, பங்குனியில் வெட்டி, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையிற் படாதபடி கட்டைகளின்மேல் காற்றோட்டமாக அடுக்கி, ஐப்பசி மழைக்கு முன் கூரைக்குள் சேர்த்துவிட வேண்டும். காய்ந்த விறகு ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும்.

அடுப்பு: நமது கொடியடுப்பில் ஒரே தீ இரண்டு பாத்திரங்களுக்குப் பயன்படுகிறது. ஹைதராபாத் என்ஜினீயரிங் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. ராஜு, இம்முறையோடு மூடிய தீவழியும் புகைபோக்கியும் சேர்ந்த மண் அடுப்பை அமைத்து, 1953-இல் சென்னையில் வெளியான நூலில் விளக்கினார். 1983-இல் மத்திய அரசாங்கம் தொடங்கிய புகையில்லா அடுப்புத் திட்டம் 2002-இல் முடிவுற்றது. அத்திட்டத்தில் கட்டிய அடுப்புகளிற் பல, வெடிப்பு பூசப்படாமலும் குழாய் துடைக்கப்படாமலும் பயனற்றுப் போயின. அடுப்புக் கட்டுவதைக் காட்டிலும் பேணுவதே பெரிது. பாத்திரம் அடுப்புக் கண்ணிற் சரியாகப் பொருந்த வேண்டும். வெடிப்புகளை உடனுக்குடன் களிமண்ணால் பூசி, குழாயிற் படிந்த கரியை மாதம் ஒரு முறையேனும் துடைப்பது அவசியம். இரண்டு மூன்று துண்டுகளை மட்டும் வைத்து, எரிய எரிய உள்ளே தள்ளிவர வேண்டும்.

தீ அபாயம்: கீற்றுக் கூரை வீட்டில் புகைபோக்கியைக் கூரைவழி விடாது, சுவர் வழியாக வெளியே கொண்டுபோய், முகட்டிற்கு மேல் 3 அடியேனும் உயர்த்துக. சூடான குழாய் கீற்றைத் தொடலாகாது. படியும் கரி தீப்பற்றிப் பொறி பறக்கலாமாதலால், குழாயைத் துடையாதிருப்பது ஆபத்து. வைக்கோற்போர் அடுப்பிற்குக் காற்றுவாட்டத்தில் இருத்தலும் கூடாது. மார்கழிக் குளிரில் கணப்புச் சட்டியை மூடிய அறையில் வைத்துத் தூங்குவது உயிருக்கே மோசம். தணலிலிருந்து எழும் கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் இல்லாத நச்சுக் காற்று.

சாம்பல்: நீர் தெளித்து முற்றும் ஆறிய பின்பே சாம்பலை அள்ளுக. இதில் சாம்பற் சத்து உண்டு. வாழைக்கும் தென்னைக்கும் நல்லது. எனினும் எருக்குழியிற் கொட்டலாகாது. சாணம், மூத்திரம் ஆகியவற்றிலுள்ள தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். தனியே நனையாது வைத்திருந்து நிலத்தில் இடுக.

வரப்பிலும் தரிசிலும் சவுக்கு வைத்துக்கொள்ளும் நிலச்சுவான்தார்கள் விறகிற்குப் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. கிராம உத்தியோகஸ்தர்கள் கோடை தொடங்குமுன் கூரை வீடுகளின் அடுப்புகளைப் பார்வையிட்டு, மேற்கூறியவற்றை எடுத்துச் சொல்வது நலம். அடுப்பிற்குத் தப்பிய ஒவ்வொரு கூடைச் சாணமும் அடுத்த போகத்து நெற்பயிருக்கு எருவாகும்.