இடுப்புவலிக்குக் கட்டு எதற்கு?

விஜயபுரம், நகரி பக்கம் யாருக்காவது இடுப்பு பிடித்துக்கொண்டால், "புத்தூர் போய் ஒரு கட்டு போட்டுக்கிட்டு வா" என்று சொல்ல நாலு பேராவது இருப்பார்கள். புத்தூரை அடுத்த ராச்சபாளையத்தில் 1881-இல் கேசவ ராஜு தொடங்கியதாகச் சொல்லப்படும் வைத்தியம் அது. பச்சிலைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி. முறிந்த எலும்பு நேராக, அசையாமல் இருந்தால் கூடிவிடும். கட்டு செய்யும் வேலை அதுதான். ஆனால் மாங்காய்க் கூடை தூக்கியவருக்கும், விசைத்தறி முன்னால் நாளெல்லாம் நின்றவருக்கும் வரும் வலியில் பெரும்பாலும் எலும்பு எதுவும் முறிந்திருக்காது. நூறு பேரில் சுமார் தொண்ணூறு பேருக்கு இன்ன நோய் என்று சுட்டிக்காட்ட ஒன்றும் இருப்பதில்லை.

நம்பிக்கை: வலி விடும்வரை படுத்தே கிடக்க வேண்டும்.

1986-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் ஒரு சாராரை இரண்டு நாளும் மறு சாராரை ஏழு நாளும் படுக்கச் சொன்னார்கள். குணமானதில் வித்தியாசம் இல்லை. இரண்டு நாள் படுத்தவர்கள்தான் வேலைக்குச் சீக்கிரம் திரும்பினார்கள். வலியைப் பொறுத்து எழுந்து நடப்பதே மருந்து.

நம்பிக்கை: கால் முன்னால் வரப் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும்.

திடீர் பிடிப்பு பெரும்பாலும் சில நாளில், சில வாரத்தில் தானாகவே தணியும். பெயர் மிதித்தவருக்குப் போகிறது. எலும்பு தேய்ந்து மெலிந்த பாட்டியின் முதுகில் தயவுசெய்து யாரும் ஏறாதீர்கள், முள்ளெலும்பு நொறுங்கிவிடும்.

நம்பிக்கை: ஸ்கேனில் ஜவ்வு பிதுங்கியிருந்தால் ஆபரேஷன்தான்.

வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், இருபது வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் எண்பது வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் ஜவ்வு பிதுங்கியிருந்தது. தலை நரைப்பதுபோல் அதுவும் வயதோடு வருவது.

நம்பிக்கை: இடுப்புவலிக்காரர் குனியவே கூடாது.

இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் நம்பிக்கை. நாற்று நடுகிறவரும் வீடு பெருக்குகிறவரும் குனியாமல் எப்படிப் பிழைப்பது? எங்கிருந்து குனிகிறோம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். தொடையெலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழியில் சுழலும் இடம்தான் இடுப்பு மூட்டு. உடம்பில் மிகத் தாராளமாக மடங்கும் மூட்டுகளில் ஒன்று. தொடையை ஏறக்குறைய 120 பாகை உயர்த்த விடும். அது இறுகிப்போனால், மடங்க வேண்டிய பங்கையும் கீழ்முதுகே சேர்த்துச் சுமக்கும். சுவருக்கு ஒரு பாத தூரம் முன்னால் முதுகுகாட்டி நில்லுங்கள். முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, பிட்டம் சுவரைத் தொடும்வரை பின்னால் தள்ளுங்கள். உடம்பு தானாக முன்னே சாயும், முதுகு வளையாது. பாரம் தூக்கும்போதும் இப்படியே சாய்ந்து, கூடையை வயிற்றோடு ஒட்டி எடுங்கள்.

நம்பிக்கை: இடுப்பு மூட்டு கெட்டால் பின்பக்கம்தான் வலிக்கும்.

பெரும்பாலும் வலிப்பது தொடையிடுக்கில். சிலருக்கு முன்தொடையில், இன்னும் சிலருக்கு முழங்காலில் மட்டும். சம்மணமிட முடியவில்லை, கால் நகம் வெட்டக் கை எட்டவில்லை என்றால் மூட்டைச் சந்தேகியுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் விழுங்கியவர்களுக்கும் அதிகம் குடிப்பவர்களுக்கும் இளவயதிலேயே தொடையெலும்புத் தலைக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்துப்போகலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும்.

குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டியின் ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் அது தொடையெலும்பின் கழுத்து முறிவாக இருக்கலாம். அங்கே ரத்த ஓட்டமே அறுந்திருக்கக்கூடும். வெளிக்கட்டு அதைச் சேர்க்காது. காலை இழுத்துப் பார்க்காமல் அன்றைக்கே திருப்பதி ரூயாவுக்கோ தேவஸ்தானத்தின் பர்ட் மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள்.

முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுக்குள் இல்லாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, கால் துவண்டாலோ ஒரு மணிநேரம்கூடத் தாமதிக்காதீர்கள். மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.