பழைய பேட்டரி, பழைய திரை, புது யோசனை!



வீடியோ கேம் பத்தின கட்டுரைன்னதும் "படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்கு?"ன்னு கேப்பீங்க. அதையும் ஒரு பொம்பளப் பிள்ளை எழுதினா இன்னொரு கேள்வியும் சேர்ந்து வரும். தயவுசெய்து முழுசும் படிங்க. இதுல அறிவியல் இருக்கு, கணக்கு இருக்கு, நம்ம கதையும் கொஞ்சம் இருக்கு.

2025 ஜூன் மாதம் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'ஸ்விட்ச் 2' என்ற புதிய கேம் கருவியை வெளியிட்டது. முதல் 4 நாளிலேயே உலகம் முழுக்க 35 லட்சத்துக்கும் மேல் விற்றது. நம்ம வகுப்பிலயும் இப்படித்தான் பேச்சு ஓடுது. எது புதுசு, எது வேகம், எத்தனை ஜிபி! அந்தப் பேச்சு ஆரம்பிச்சதும், வீட்டில் பட்டன் போன் மட்டும் வச்சிருக்கறவங்க மெதுவா எழுந்து குழாயடிப் பக்கம் போயிடறாங்க. அவங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஏன்னா, அதே நின்டெண்டோவின் பெயரை உலகம் முழுக்கப் பரப்பிய ஒரு கருவி, அந்தக் காலத்திலேயே 'பழசு' என்று சொல்லத்தக்க பொருள்களால் செய்யப்பட்டது!

யார் இந்த யோகோய்?

நின்டெண்டோ 1889-இல் கியோட்டோ நகரில் பூப்படம் போட்ட விளையாட்டுச் சீட்டு செய்யும் கம்பெனியாகத் தொடங்கியது. 1965-இல் குன்பே யோகோய் என்பவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். சீட்டு செய்யும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பதுதான் அவருக்கு வேலை. சும்மா இருந்த நேரத்தில், இழுத்தால் நீளும் குறுக்குச் சட்டங்களை வைத்து ஒரு விளையாட்டுக் கை செய்தார். முதலாளி அதைப் பார்த்தார். திட்டவில்லை, "இதையே விற்பனைக்குச் செய்" என்றார். 1966-இல் அது கடைக்கு வந்தது.

பிறகு ஒரு நாள் ரயிலில், ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டன்களை அழுத்திக்கொண்டிருப்பதை யோகோய் கவனித்தார். அப்போது கால்குலேட்டர் கம்பெனிகளின் போட்டியால் அதன் திரை மலிவாகிவிட்டிருந்தது. அந்தத் திரையை வைத்தே 1980-இல் கையடக்க விளையாட்டுக் கருவி வந்தது. 1982-இல் அந்த வரிசையில் வந்த ஒன்றில் கூட்டல் குறி (+) போல ஒரு பட்டன் வைத்தார். நீட்டிக்கொண்டு நிற்கும் கைப்பிடி சட்டைப் பையில் அடங்காதே, அதனால்தான்! இன்றைக்கும் பல கேம் ரிமோட்டுகளில் அந்தக் கூட்டல் குறி இருக்கும்.

யோகோயின் கொள்கை இதுதான்: எல்லாருக்கும் நல்லாத் தெரிஞ்ச, விலை குறைஞ்ச, 'வாடிப்போன' தொழில்நுட்பத்தை எடு. அதை யாரும் யோசிக்காத வேலைக்குப் பயன்படுத்து.

கேம் பாயும் கேம் கியரும்

1989-இல் 'கேம் பாய்' வந்தது. அதன் திரையில் 160 × 144 புள்ளிகள், அதாவது 23,040 புள்ளிகள். வண்ணம் கிடையாது. பச்சை கலந்த சாம்பலில் நாலே நாலு அளவு, அவ்வளவுதான்! 1990-இல் சேகா நிறுவனத்தின் 'கேம் கியர்' வந்தது. அதில் வண்ணத் திரை, உள்ளேயே விளக்கு. பாத்தா பளபளன்னு இருக்கும்.

சரி, எது ஜெயிச்சிருக்கும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவோமே, சின்ன பேட்டரி, ஒன்றுக்கு 1.5 வோல்ட். கேம் பாய்க்கு அது 4 வேண்டும் (4 × 1.5 = 6 வோல்ட்). சுமார் 15 மணி நேரம் ஓடும். கேம் கியருக்கு 6 வேண்டும் (9 வோல்ட்). ஓடுவதோ சுமார் 4 மணி நேரம்.

60 மணி நேரம் விளையாட:
கேம் பாய்: 60 ÷ 15 = 4 தடவை. 4 × 4 = 16 பேட்டரி.
கேம் கியர்: 60 ÷ 4 = 15 தடவை. 15 × 6 = 90 பேட்டரி!

ஒரு பேட்டரி 15 ரூபாய்னு வச்சுக்குவோம். முதலாவதுக்கு 240 ரூபாய், இரண்டாவதுக்கு 1,350 ரூபாய். எந்த அம்மா வாங்கித் தருவாங்க, நீங்களே சொல்லுங்க!

ஏன் இந்த வித்தியாசம்? கேம் பாய் திரைக்குள் விளக்கு இல்லை. வெளியிலிருந்து விழும் வெளிச்சம் திரைக்குப் பின்னால் உள்ள பளபளப்பான தகட்டில் பட்டுத் திரும்பி வருகிறது. இடையில் உள்ள திரவப் படிகம் எங்கே ஒளியைத் தடுக்கிறதோ அங்கே கறுப்பாகத் தெரிகிறது. கால்குலேட்டர், டிஜிட்டல் வாட்ச் எல்லாம் இதே முறைதான். இதில் ஒரு குறையும் உண்டு. இருட்டில் ஒண்ணும் தெரியாது. லைட்டுக்குக் கீழ உக்காந்துதான் ஆடணும். ஆனாலும் கேம் பாயும் அதன் பிறகு வந்த வண்ணக் கேம் பாயும் சேர்ந்து 11 கோடிக்கும் மேல் விற்றன. கேம் கியர் விற்றது சுமார் 1 கோடி.

ஒரு ஒயர் செய்த வேலை

கேம் பாயுடன் சேர்க்கும் துணைக் கருவிகளில் எனக்குப் பிடிச்சது ரெண்டு கருவிகளை இணைக்கும் ஒயர். எதிரெதிரே ரெண்டு பேர் உட்கார்ந்து போட்டி போடலாம். அந்த ஒயரைப் பார்த்த சடோஷி தஜிரி என்பவருக்கு வேறு ஒன்று தோன்றியது. அவர் சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். இந்த ஒயர் வழியா பூச்சிங்க ஊர்ந்து அடுத்தவர் கருவிக்குப் போனா எப்படி இருக்கும்? அந்த யோசனையில் பிறந்ததுதான் 'போக்கிமான்' (1996). சிவப்பு, பச்சை என்று ரெண்டு வகையா விற்றார்கள். சில உயிரினங்கள் ஒன்றில்தான் கிடைக்கும். எல்லாம் வேண்டுமென்றால் நண்பனைத் தேடிப்போய் மாற்றிக்கொள்ள வேண்டும்! ஏழு வயசான கருவிக்குப் புது உயிர் கொடுத்தது ஒரு ஒயரும், கூட ஆட ஒரு ஆளும்தான்.

பழசு என்றாலே வெற்றியா?

இல்லை. 1995-இல் யோகோயே 'வர்ச்சுவல் பாய்' என்று ஒன்று செய்தார். கண்ணை வைத்துப் பார்க்கும் பெட்டி. மலிவான சிவப்பு விளக்குகளைத்தான் அதிலும் பயன்படுத்தினார். ஆனால் எல்லாமே சிவப்பாகத் தெரிந்ததில் பலருக்குத் தலைவலி, கண்வலி. கையில் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது, ரெண்டு பேர் சேர்ந்து ஆடவும் வழியில்லை. ஒரு வருஷத்துக்குள் தயாரிப்பு நின்றுபோனது. ஆக, புதுசா பழசாங்கிறது கேள்வி இல்லை. பயன்படுத்தும் ஆளுக்கு ஒத்து வருதா, அதுதான் கேள்வி.

நண்பர்களே, யோகோய் 1997-இல் ஒரு சாலை விபத்தில் இறந்துவிட்டார். ஆனால் அவர் யோசித்த முறைக்குக் காசு தேவையில்லை. அது குழாயடிக்கு எழுந்து போகிறவர்களுக்கும் சொந்தம். இனிமே கேம் பேச்சு வந்தா எழுந்து போகாதீங்க. பட்டன் போன் பேட்டரி மட்டும் ஏன் நாலு நாள் வருதுன்னு நீங்களே கேள்வி கேளுங்க!

யோசியுங்கள், எழுதுங்கள்:
1. கேம் கியரில் மின்சாரத்தை அதிகம் தின்றது எது?
2. 6 பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் மொத்தம் எத்தனை வோல்ட்?
3. உங்க வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு பழைய பொருளுக்கு என்ன புது வேலை கொடுப்பீங்க?

விடைகளை இந்தப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் நல்ல யோசனைகள் அடுத்த இதழில், உங்க பேரோட!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி