ஸ்டிக்கர் அச்சில் குறை: மை டின்னைத் திருப்பி அனுப்புமுன்

கோவையில் ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான்களை மொத்தமாக விற்று வருகிறோம். எங்களிடம் திரும்பி வரும் சரக்கில் மை டின்னே முதலிடம். அச்சில் எந்தக் குறை கண்டாலும் அச்சகத்தார் முதலில் மையைத்தான் குற்றம் சொல்வார்கள். சில்லறைக் கடைக்காரர் அதை வாங்கி வைத்துக்கொண்டு எங்களிடம் அனுப்புவார். நாங்களும் ஒரு காலம் வரை, வாடிக்கை போய்விடக் கூடாதே என்று மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தோம். அதனால் வந்த நஷ்டம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2011-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். பம்ப் செட்டுகளில் ஒட்டும் வினைல் ஸ்டிக்கர் 5000 அடிக்க ஆர்டர் எடுத்த தம்பி ஒருவர் கடைக்கு வந்தார். "ஐயா, உங்க மை காயவே மாட்டேங்குதுங்க. அடுக்கி வெச்சதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்குது" என்றார். மழைக்காலம், காயத் தாமதமாகும் என்று சமாதானம் சொல்லி வேறு டின் கொடுத்தோம். நான்காம் நாள் மீண்டும் வந்தார். அந்த டின்னிலும் அதே கதை. மேலும், ஷீட்டின் ஓரங்கள் அப்பளம் போல் சுருண்டிருந்தன. எழுத்தின் விளிம்பு ரம்பப் பல்லாக இருந்தது.

அப்போதுதான் அவருடைய ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தோம். மில் ஊர்க்காரர்கள் ஆகையால் துணியின் இழை எண்ணும் பிக் கிளாஸ் எப்போதும் எங்கள் மேஜையில் இருக்கும். அதைக் கொண்டுபோய் ஸ்கிரீன் துணியின் மேல் வைத்துக் கால் அங்குலத்துக்கு எண்ணினோம். 30 இழை. அதாவது அங்குலத்துக்கு 120. தம்பி கேட்டது சென்டிமீட்டருக்கு 120. அது அங்குலக் கணக்கில் ஏறக்குறைய 305 ஆகும். அவர் வெறுமனே "நூத்திருபது துணி ரெண்டு மீட்டர்" என்று கேட்டிருக்கிறார். எங்கள் கடைப் பையன் கைக்கு அருகில் இருந்த சுருளில் கிழித்துக் கொடுத்திருக்கிறான். தப்பு முழுக்க எங்களுடையது. துணியும் மையும் இலவசமாகக் கொடுத்தோம், வீணான வினைலுக்கும் பணம் கட்டினோம். ஆனால் குறித்த நாள் தவறியதால் அந்த ஆர்டர் அவர் கையை விட்டுப் போயிற்று. அதற்கு ஈடாக நாங்கள் கொடுக்கக்கூடியது ஒன்றுமில்லை.

துணி மாறினால் மை ஏன் காயாது என்று சிலர் கேட்கலாம். இழை குறைந்தால் கண் பெரிதாகும், மை தடிமனாக இறங்கும். வினைலுக்கான பி.வி.சி. மை, அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போவதால்தான் காய்கிறது. தடித்த மையில் மேல்தோல் முதலில் காய்ந்துவிடும், அடியில் உள்ள கரைப்பான் வெளியேற வழியின்றி வினைலையே அரிக்கும். பிசுபிசுப்பும் சுருளலும் இப்படித்தான் வருகின்றன. எழுத்து ரம்பமாகத் தெரிந்ததும் கண் பெரிதானதால்தான். வினைலில் சிறு எழுத்துக்கும் மெல்லிய கோட்டுக்கும் சென்டிமீட்டருக்கு 100 முதல் 120 இழையுள்ள பாலியெஸ்டர் துணி ஏற்றது. முழுப் பரப்பை ஒரே வண்ணத்தில் நிரப்ப வேண்டுமானால் 77 அல்லது 90 போதும், காய வைக்கும் நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுச் சுருளில் 120-34 என்று அச்சிட்டிருந்தால் முதல் எண் சென்டிமீட்டருக்கான இழை, இரண்டாவது இழையின் கனம், மைக்ரானில்.

இதற்கு நேர் எதிரான புகார், மை கண்ணிலேயே காய்ந்து அடைத்துக்கொள்வது. சித்திரை, வைகாசியில் இது மிகுதி. பெரும்பாலான இடங்களில் மின்விசிறி ஸ்கிரீனுக்கு நேர் மேலே சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறோம். அதை நிறுத்தினாலே பாதிக் குறை தீரும். ஒவ்வொரு இழுப்புக்குப் பின்னும் ஸ்கிரீனை மையால் மூடி வைக்க வேண்டும், டீ குடிக்கப் போகும்போது கட்டாயம். அதற்கும் மேல் தேவைப்பட்டால், வேகமான தின்னரைக் குறைத்து, தாமதமாகக் காய வைக்கும் ரிடார்டர் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை சேர்க்கலாம். அளவை டின்னின் மேலேயே போட்டிருப்பார்கள். கண் அளவில் ஊற்றுகிறவர்களுக்கு அடுத்த வாரம் "மை ஒட்டவில்லை" என்ற புகார் வரும்.

மை ஒட்டாததற்கு வேறு காரணங்களும் உண்டு. காகிதத்துக்கான மையை வினைலில் அடித்தால் அன்று பிடித்ததுபோல் தெரியும், பிறகு நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். நெடுநாள் கிடந்த வினைலில் அதை மிருதுவாக்கும் எண்ணெய் மேலே கசிந்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு ஒரு ஷீட் அடித்துப் பார்க்க வேண்டும். 24 மணி நேரம் கழித்து அச்சின் மேல் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி ஒரே இழுப்பாக இழுங்கள். கட்டங்கள் பெயரவில்லை என்றால் மீதியை ஓட்டலாம். ஸ்கிரீனை மண்ணெண்ணெயால் துடைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது. அதன் எண்ணெய்ப்பசை துணியில் தங்கி, அச்சில் மீன்கண் போல வட்டப் பொட்டுகள் விழும்.

ஊசித்துளைகள் வந்தால் மையைப் பார்க்கவே வேண்டாம். துணியைப் பசை போகக் கழுவவில்லை, அல்லது கோட்டிங் நன்றாகக் காயுமுன் வெளிச்சம் காட்டிவிட்டார்கள். மழைக்காலத்தில் இரண்டாவதுதான் அதிகம்.

பேனர் வேலையை டிஜிட்டல் இயந்திரங்கள் கொண்டுபோய்விட்டன. ஒரே பெயரை ஆயிரக்கணக்கில் அடிக்கும் பம்ப், கிரைண்டர் ஸ்டிக்கர்கள் இன்றும் பல இடங்களில் ஸ்கிரீனில்தான் ஓடுகின்றன. இந்த வாடிக்கையை நம் கவனக்குறைவால் இழக்கக் கூடாது. எங்கள் கடையில் இப்போது அங்குலத் துணி ஓர் அலமாரி, சென்டிமீட்டர் துணி ஓர் அலமாரி. பில்லில் "செ.மீ. 120" என்று எழுதாமல் துணி கத்தரிப்பதில்லை. சில்லறைக் கடை அன்பர்களும் இப்படியே எழுதி வாங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மை டின் திருப்பி அனுப்பும்போது கெட்டுப்போன ஸ்டிக்கர் ஒன்றும், அந்த ஸ்கிரீன் துணியில் விரலகலத் துண்டு ஒன்றும், கலந்த தின்னரின் பெயரும் சேர்த்து அனுப்புங்கள். பிக் கிளாஸ் தயாராக இருக்கிறது.