வரையத் தெரியாது, நெய்யலாமா?

கேள்வி: மரக்காணத்தில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். அம்மா பல வருடம் உப்பளத்தில் கூலிக்குப் போனவர். அந்தப் பாத்திகளையும் உப்பு அம்பாரங்களையும் படமாக நெய்து பார்க்க ஆசை. எனக்கு நெசவும் தெரியாது, வரையவும் வராது. முதலில் ஓவியம் கற்றுக்கொள் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அப்படித்தான் செய்ய வேண்டுமா? தறி வாங்காமல் தொடங்க வழி உண்டா?
– வாசகி, மரக்காணம்

பதில்: வேண்டாம் அம்மா. நேராக நூலைத் தொடுங்கள். வரைந்துவிட்டு வந்தால், தாளில் இருப்பதை நூலில் நகலெடுக்கவே கை போகும்.

உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னதும் ஒரு பழைய வழிதான். பிரான்ஸின் கோபலான் கூடத்தில் ஓவியர் முழு அளவில் மாதிரி போட்டுத் தர, நெசவாளர் அதைப் பார்த்து நெய்வார். இதற்கு நேர்மாறாக ஒருவர் செய்து காட்டினார். எகிப்தில், கீசா பிரமிடுகளுக்குப் பக்கத்தில் ஹரானியா என்று ஒரு கிராமம். ராம்செஸ் விசா வாசெஃப் என்ற கட்டடக் கலைஞர் 1950-களின் தொடக்கத்தில் அங்கே ஊர்ப் பிள்ளைகளைத் தறியில் உட்கார வைத்தார். மாதிரிப் படம் கிடையாது. வெளியார் கலையைப் பார்த்துச் செய்யக் கூடாது. பெரியவர்கள் குறை சொல்லக் கூடாது. இவ்வளவுதான் சட்டம். தினம் பார்த்த மரங்களையும் பறவைகளையும் ஆடுமாடுகளையும் அந்தப் பிள்ளைகள் கம்பளி நூலில் நேராக நெய்தார்கள். அந்த நெசவுகள் ஐரோப்பா வரை கண்காட்சிக்குப் போயின.

‘அவர்கள் குழந்தைகள், நான் வளர்ந்தவள்’ என்று நீங்கள் நினைக்கலாம். நார்வேயின் கடலோரப் பண்ணை ஒன்றில் வாழ்ந்த ஹன்னா ரிக்கன் (1894–1970) முறையாக ஓவியம் படித்தவர். அவரே மாதிரி வரையாமல்தான் பெரிய பெரிய படங்களை நெய்தார். முசோலினியின் எத்தியோப்பியப் படையெடுப்பைக்கூட நெய்திருக்கிறார்.

வாசெஃப் போட்ட இரண்டாவது சட்டத்தை உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். கையில் போன் இருக்கும் காலத்தில் அது நடக்காது. வளர்ந்தவருக்கு அது தேவையும் இல்லை. மூன்றாவதை மட்டும் விடாதீர்கள். முதல் துண்டு முடியும்வரை வீட்டில் யாரிடமும் ‘எப்படி இருக்கு’ என்று கேட்க வேண்டாம்.

தறிக்கு ஒரு பழைய மரச் சட்டம் போதும், ஒன்றரை அடி உயரத்தில். மேலும் கீழும் கால் அங்குலத்துக்கு ஓர் ஆணி. உங்கள் ஊர்க் காற்றில் இரும்பாணி சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு பருத்தியில் ஏறினால் லேசில் போகாது. ஆகவே பித்தளை ஆணி அடியுங்கள், அல்லது விளிம்பில் ரம்பத்தால் வெட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பாவுக்கு, அதாவது மேலும் கீழுமாக இழுத்துக் கட்டும் இழைக்கு, முறுக்கேறிய பருத்திக் கயிறு. பக்கத்தில் கிடைக்கிறதே என்று வலை பின்னும் நைலானை எடுக்காதீர்கள். அது இழுபட்டுத் திரும்பச் சுருங்கும், சட்டத்திலிருந்து எடுத்ததும் துணி சுருண்டுகொள்ளும். குறுக்கே கோக்கும் ஊடைக்குப் பருத்தி நூல், கம்பளி, கிழித்த பழைய சேலை எல்லாம் ஆகும். மூட்டை தைக்கும் கோணி ஊசியால் ஊடையைக் கோக்கலாம், முள்கரண்டியால் தட்டி இறக்கலாம். ஒவ்வொரு வரியையும் வில் போல வளைத்து விட்டுத்தான் தட்ட வேண்டும். இழுத்துக் கோத்தால் துணி இடுப்பில் ஒடுங்கிவிடும். புதிதாக நெய்கிற எல்லோருக்கும் நடப்பது இது.

இனிதான் விஷயமே. வரையாமல் நெய்வது என்றால் மனம்போன போக்கு என்று நினைக்கிறார்கள். தறி அப்படி விடாது. துணி கீழிருந்து மேலே வளர்கிறது. தட்டி இறக்கிய இடத்தில் மேலே பூசித் திருத்த முடியாது, பிரிக்கத்தான் வேண்டும். அதனால் எதை முன்னால் நெய்வது, எதைப் பின்னால் நெய்வது என்பதே உங்கள் திட்டம். மேலே போகப் போகக் குறுகும் உருவத்தை முதலில் முடித்துவிடலாம். விரியும் உருவம் பக்கத்து இடம் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். ஏனென்றால் அதன் அடியில் அகப்பட்ட பாவுக்குள் அப்புறம் ஊசி போகாது. உப்பு அம்பாரம் குறுகுவது, அதை முதலிலேயே எழுப்பிவிட்டு இருபுறமும் வானத்தை நிரப்பலாம். அதன் சரிவும் உங்களுக்குச் சாதகம்தான். வரிக்கு வரி ஒரு பாவிழை உள்ளே தள்ளிக்கொண்டே வந்தால் சாய்வு தானாக அமையும். கழுவேலிப் பக்கம் வரும் பூநாரை இறக்கையை விரித்தால் கதை வேறு. இறக்கைக்குக் கீழே உள்ள வானத்தை முதலில் நெய்தாக வேண்டும். இறக்கை எவ்வளவு விரியும் என்பதை அந்த வானம் முடியும் இடத்தில் தீர்மானித்தால் போதும்.

தொடங்கும்போது ஒன்றே ஒன்றை மட்டும் முடிவு செய்யுங்கள்: படத்தின் எந்தப் பக்கம் தறியில் அடியாக வரப்போகிறது? படுக்கைக் கோடு தறிக்கு எளிது. செங்குத்துக் கோடுதான் சிக்கல். இரண்டு நிறங்கள் அடுத்தடுத்த இரண்டு பாவிழைகளில், வரிக்கு வரி அதே இடத்தில் திரும்பித் திரும்பிப் போனால் நடுவே கீறல் விழும். உங்கள் பாத்திகளிலோ குறுக்கும் நெடுக்கும் வரப்பு. தூரத்து வரப்புகளும் தொடுவானமும் முக்கியம் என்றால் நேராகவே நெய்யுங்கள். கண்ணெதிரே நீண்டு போகும் வரப்புகள்தான் படம் என்றால், படத்தைப் பக்கவாட்டில் சாய்த்து நெய்யுங்கள். ஐரோப்பாவில் பழைய நெசவாளர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

பாத்தி நீரின் இளஞ்சிவப்பு மெல்ல வெண்மையாகும் இடத்துக்குத் தனித்தனி நிறம் தேடி அலைய வேண்டாம். இரண்டே நிறங்களை வெவ்வேறு நீளத்தில் ஒன்றுக்குள் ஒன்று நீட்டி நெய்தால், தள்ளி நின்று பார்க்கும்போது கலந்து தெரியும். நீளங்களை ஒரே சீராக வைத்தால் கோடு போட்டதுபோல் ஆகிவிடும்.

செங்குத்துக் கோட்டில் விழும் சிறு கீறலைப் பிறகு பின்புறமாகத் தைத்துக்கொள்ளலாம், தையல்காரருக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்கென்னவோ சில கீறல்களைத் தைக்காமல் விடுவது பிடிக்கும், வரப்பின் நிழல் கிடைக்கும். கீறலே கூடாது என்றால் இரண்டு ஊடைகளையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று மாட்டித் திருப்ப வேண்டும். அதற்கு எகிப்து வரை போக வேண்டாம். காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்கிறவர்கள் உடலையும் கரையையும் வரிக்கு வரி அப்படித்தான் இணைக்கிறார்கள். மூன்று நாடா ஓடும். ஒரு பக்கக் கரைக்கு உதவியாள் கூட உட்கார்ந்திருப்பார். மழை பிடித்து உப்பளம் ஓய்ந்திருக்கும் மாதங்களில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு திண்டிவனம், வந்தவாசி வழியாக ஒருநாள் போய்வாருங்கள். தறிக்காரரிடம் அனுமதி கேட்டு, கரைப் பக்கமாக உட்காருங்கள். அந்த இணைப்பு நடுவில் இருந்து பார்த்தால் தெரியாது.