பிள்ளையின் தந்தை யார்? மரபணுவும் சட்டமும்



ஆழிப்பேரலை எமது கரையோரங்களை அழித்த 2004 டிசெம்பர் 26ஆம் நாள், கல்முனை வைத்தியசாலையில் ஒரு கைக்குழந்தை சேர்க்கப்பட்டது. அன்று அனுமதிக்கப்பட்டவர்களுள் அதன் இலக்கம் 81. அக்குழந்தை தமதே என ஒரு தம்பதியினர் கூறினர். வேறு பலரும் உரிமை கோருவதாகச் செய்திகள் பரவின. நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்குக் கட்டளையிட்டது. 2005 பெப்ரவரியில் முடிவு வந்தது. குழந்தை அத்தம்பதியினரின் கைகளிற் சேர்ந்தது.

காணாமற்போன பிள்ளையைச் சேர்த்துவைத்த அதே பரிசோதனை, வேறொரு வழக்கிலும் நாடப்படுகிறது. "இப்பிள்ளையின் தந்தை யார்?" என்பதே அவ்வழக்கு. இதில் விஞ்ஞானம் சொல்வது என்ன, சட்டம் சொல்வது என்ன என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நன்று.

விஞ்ஞானம் சொல்வது

முன்னாளில் இரத்த வகையைக் கொண்டே ஆராய்ந்தனர். அதனால் "இவர் தந்தையல்லர்" என்று சிலவேளை சொல்ல முடிந்ததேயன்றி, "இவரே தந்தை" என்று நிறுவ முடியவில்லை. 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டறிந்த முறை அந்நிலையை மாற்றியது.

பிள்ளை தன் மரபணுவில் ஒரு பாதியைத் தாயிடமும் மறுபாதியைத் தந்தையிடமும் பெறுகிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தாலே பரிசோதனைக்குப் போதும். மரபணுவின் குறித்த பல இடங்களை ஒப்பிடுவர். தாயிடமிருந்து வராத பகுதி அம்மனிதரிடம் இருத்தல் வேண்டும். பல இடங்களிற் பொருந்தாவிடின் அவர் தந்தையல்லர். எல்லா இடங்களிலும் பொருந்தினால், அவரே தந்தை என்பதற்கான நிகழ்தகவு பொதுவாக 99.9 வீதத்துக்கு மேற்படும். ஆயினும், அவருக்கு உருவொத்த இரட்டைச் சகோதரர் இருந்தால் சாதாரணப் பரிசோதனை இருவரையும் வேறுபடுத்திக் காட்டாது.

சட்டம் சொல்வது

எமது சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டுக்குரியது. அதன் 112ஆம் பிரிவின்படி, செல்லுபடியான விவாகம் நிலவும்போதோ, அது முடிவுற்று 280 நாட்களுக்குள் தாய் மறுமணம் செய்யாதிருக்கும்போதோ பிறக்கும் பிள்ளை, அக்கணவரின் பிள்ளையே. கருத்தரிக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்றோ, கணவருக்கு ஆண்மையில்லை என்றோ எண்பித்தாலன்றி இம்முடிபு மாறாது.

இது பழைய காலத்து அறியாமை என்று எண்ணிவிடாதீர்கள். பெற்றோரின் சண்டைக்காகப் பிள்ளை தன் பெயரையும் உரிமையையும் இழந்துவிடக்கூடாது என்பதே இதன் நோக்கம். இந்தியாவில் 2024 வரை நடைமுறையிலிருந்த சான்றுச் சட்டத்திலும் இதே இலக்கத்தில் இதையொத்த விதி இருந்தது. கேட்டவுடன் இரத்தப் பரிசோதனைக்குக் கட்டளையிடலாகாது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1993இற் கூறியது. முறையாக நடந்த பரிசோதனை உண்மையைத் தெளிவாகக் காட்டியபின், ஊகத்தை விட விஞ்ஞானமே மேலானது என 2014இற் கூறியது. தக்க காரணமின்றித் தன் பிறப்பு ஐயத்துக்குள்ளாக்கப்படாதிருக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு என 2023இல் வலியுறுத்தியது.

எதற்காக நாடுவது?

ஆகவே நாம் முதலிற் கேட்கவேண்டியது, "இப்பரிசோதனையாற் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?" என்பதே. விவாகமின்றிப் பிறந்த பிள்ளையைத் தந்தை கைவிட்டாரெனில், அப்பிள்ளைக்கு இது பெருந்துணை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் அத்தகைய பிள்ளைக்கும் தாபரிப்புப் பெறும் உரிமையை அளிக்கிறது. நீதவான் நீதிமன்றத்திலே தாய் விண்ணப்பிக்கலாம். தந்தை யார் என்பதற்குத் திடமான சான்று வேண்டும். மரபணு அறிக்கை அத்தகைய சான்றாக அமையக்கூடும்.

ஆனால், பத்து ஆண்டுகள் "அப்பா" என்று அழைத்து வளர்ந்த பிள்ளையை, அயலவர் பேச்சைக் கேட்டுப் பரிசோதனைக்கு இழுத்துச் செல்வது வேறு காரியம். முடிவு எதுவாயினும், தன்னை ஐயுற்றார்கள் என்பது அப்பிள்ளையின் நெஞ்சில் நின்றுவிடும். ஐயமிருப்பின் கணவனும் மனைவியும் முதலில் தனிமையிற் பேசுங்கள். பிள்ளையின் காதில் அது விழவேண்டாம்.

நினைவிற் கொள்ளுங்கள்:

1. வீட்டில் இரகசியமாக எடுத்த மாதிரியின் அறிக்கையை நீதிமன்றம் ஏற்கும் என்று நம்பி இருக்கவேண்டாம். மாதிரி யாருடையது என உறுதிசெய்து, முத்திரையிட்டு, கைமாறிய விபரம் பதியப்பட்டிருத்தல் வேண்டும்.

2. அறிக்கை வந்ததும் பிறப்புப் பதிவு தானாக மாறிவிடாது. பெயர், தாபரிப்பு, முதுசம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் உரிய சட்டவழி உண்டு. முதலில் ஒரு சட்டத்தரணியை நாடுங்கள்.

3. தந்தையின் பெயரில்லாத பிள்ளை உங்கள் ஒழுங்கையிலும் இருக்கலாம். அதன் பிறப்புக்கு அப்பிள்ளை பொறுப்பன்று. "உன் தகப்பன் ஆர்?" என்று விளையாட்டாகவேனும் கேட்க உங்கள் பிள்ளைகளை விடாதீர்கள்.