குழந்தைக்கும் சர்க்கரை நோய் வரும்

கோட்டுகால், நெய்யாற்றின்கரை, பாறசாலை. இந்தப் பக்கத்து வீடுகளில் சர்க்கரை நோய் புதிய சொல் அல்ல. தாத்தா மாத்திரை சாப்பிடுவார். பாட்டி இனிப்பு இல்லாத சாயா குடிப்பார். அதனால் இது வயதானவர்களுக்கு வரும் நோய் என்று பலர் நினைக்கிறார்கள்.

குழந்தைகளுக்கும் சர்க்கரை நோய் வரும். அது வேறு வகை. அதற்கு முதல் வகைச் சர்க்கரை நோய் என்று பெயர். மிட்டாய் தின்பதால் அது வருவது இல்லை. தாய் கவனிக்காததாலும் வருவது இல்லை.

நாம் உண்ணும் சோறு செரித்துச் சர்க்கரையாக மாறுகிறது. அது இரத்தத்தில் சேர்கிறது. இரத்தத்தில் இருந்து அது உடலுக்குள் போய்ச் சேர இன்சுலின் வேண்டும். இன்சுலின் ஒரு சாவி போன்றது. இரைப்பைக்குப் பின்னால் உள்ள கணையம் அதைச் சுரக்கிறது.

நம் உடலில் ஒரு காவல் படை உண்டு. நோய்க் கிருமி வந்தால் அது எதிர்க்கும். சில குழந்தைகளின் உடலில் இந்தப் படை ஆள் தெரியாமல் அடிக்கிறது. இன்சுலின் சுரக்கும் இடத்தையே அழித்து விடுகிறது. அதன் பிறகு இன்சுலின் ஊசிதான் உயிர் காக்கும். மாத்திரை போதாது. 1922 ஜனவரியில் கனடா நாட்டின் டொரண்டோ நகரில் 14 வயதுப் பையனுக்கு முதல் முறையாக இன்சுலின் ஊசி போட்டார்கள். லியோனார்ட் தாம்சன் என்பது அவன் பெயர். அதற்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகள் பிழைப்பது இல்லை.

இதே காவல் படை இன்னொரு தவறும் செய்யும். கோதுமையில் குளூட்டன் என்ற பசைச் சத்து உண்டு. மாவு பிசையும்போது கையில் ஒட்டுவது அதுதான். சிலர் அதை உண்டால் படை சிறுகுடலை அடிக்கத் தொடங்கும். சிறுகுடல் தேய்ந்து போகும். உண்ட சத்து உடலில் சேராது. குழந்தை வளராது. வயிறு உப்பும், வயிற்றோட்டம் நிற்காது, இரத்தம் குறையும். இது சீலியாக் நோய். 1944-45 பஞ்ச காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்கவில்லை. அப்போது இந்த நோய் உள்ள குழந்தைகள் தேறினார்கள். வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் இதைக் கவனித்தார். கோதுமைதான் காரணம் என்று பின்னர் காட்டினார்.

நம் பக்கம் இந்த நோய் குறைவு. 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்தியாவில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். வட இந்தியாவில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவரின் இரத்தத்தில் இந்த நோயின் தடயம் இருந்தது. தென்னிந்தியாவில் 1,000 பேரில் ஒருவருக்குத்தான் இருந்தது. ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபுக் கூறு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். நம்மைக் காத்தது சோறாக இருக்கலாம். அங்கே ஒருவர் ஒரு நாளில் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்டார். தெற்கே 25 கிராம்தான். இப்போது பரோட்டா, பிரெட், பிஸ்கட், சேமியா எல்லாம் இங்கும் தினசரி உணவு. எனவே இந்த நோய் நமக்கு வராது என்று இருந்துவிட முடியாது.

இரண்டு நோய்க்கும் வேர் ஒன்று. பெற்றோரிடம் இருந்து வரும் அதே மரபுக் கூறுகள் இரண்டுக்கும் இடம் கொடுக்கின்றன. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள 100 குழந்தைகளில் 5 அல்லது 6 பேருக்குச் சீலியாக் நோயும் இருப்பதாகப் பல நாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. மறுபக்கமும் உண்டு. சீலியாக் உள்ள பிள்ளைகளுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சுவீடன் நாட்டில் 2006-ல் இதைக் கண்டார்கள். பயப்பட வேண்டாம். சீலியாக் உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சர்க்கரை நோய் வருவதே இல்லை. ஆனால் அவர்கள் மேல் ஒரு கண் இருக்க வேண்டும்.

ஏன் என்று பாருங்கள். ஒரு வீட்டில் இப்படிப் பேச்சு நடக்கலாம். பையனுக்கு ஏழு வயது. சீலியாக் உண்டு. ஆஷா பணியாளர் வீட்டுக்கு வருகிறார்.

"பையன் ரொம்ப மெலிஞ்சிட்டானே பாட்டி?"

"அவனுக்குத்தான் கோதுமை சேராதே மக்களே. எங்கேயோ பிஸ்கட் வாங்கித் தின்னிருப்பான்."

"தண்ணி நிறைய குடிக்கானா?"

"குடம் குடமா குடிக்கான். வெயில் காலம்லா. ராத்திரி பாயையும் நனைக்கான். அந்தப் பழக்கம் நின்னு மூணு வருஷம் ஆச்சு. இப்ப மறுபடியும் வந்துட்டு."

"பாட்டி, இது பிஸ்கட் இல்ல. வெயிலும் இல்ல. இப்பவே கிளம்புங்க. விரல்ல ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிரும்."

பாட்டி மேல் குற்றம் இல்லை. மெலிவுக்கு அவரிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பழைய நோயின் நிழலில் புதிய நோய் ஒளிந்து கொள்ளும்.

அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், நின்று போன படுக்கை நனைப்பு திரும்ப வருவது, நன்றாக உண்டும் மெலிவது, சோர்வு. இவை எந்தக் குழந்தையிடம் தெரிந்தாலும் அன்றே இரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். இந்த அறிகுறிகளோடு அளவு 200 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது சர்க்கரை நோய். வாந்தி, வயிற்று வலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, வாயில் பழுத்த பழ வாசனை, மயக்கம் இருந்தால் இரத்தம் அமிலமாகி விட்டது என்று பொருள். அப்போது ஒரு மணி நேரமும் பெரிது. கஷாயம் வைத்துக் கொண்டிருக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அறிகுறி வரும் முன்பே அறியவும் வழி உண்டு. காவல் படை தவறாக அடிக்கத் தொடங்கினால் இரத்தத்தில் தடயம் விழும். அதற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். சர்க்கரை நோய்க்கான எதிர்ப்பொருள்களில் இரண்டோ அதற்கு மேலோ இருந்த 100 குழந்தைகளில் 70 பேருக்குப் பத்து ஆண்டுக்குள் நோய் வந்தது. இது 2013-ல் வெளிவந்த கணக்கு. இத்தாலி நாடு 2023-ல் ஒரு சட்டம் செய்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த இரண்டு நோய்க்கும் சேர்த்தே இரத்தச் சோதனை செய்ய அது வழி செய்கிறது. நம் நாட்டில் அப்படி ஏற்பாடு இல்லை. ஆனால் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்குச் சீலியாக் சோதனை உண்டா என்று மருத்துவரிடம் கேட்கலாம். நோய் தெரிந்த உடனும், இரண்டு ஆண்டுக்குள்ளும், ஐந்தாம் ஆண்டிலும் பார்ப்பது உலக வழக்கம். ஊசியும் உணவும் சரியாக இருந்தும் பிள்ளைக்குச் சர்க்கரை அடிக்கடி தாழ்ந்தால் அப்போதும் கேட்க வேண்டும். குடல் தேய்ந்திருக்கலாம். சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் தடயம் மறைந்து விடும்.

சீலியாக் உறுதியானால் கோதுமை, மைதா, ரவை, பார்லி வாழ்நாள் முழுதும் ஆகாது. அரிசிப் புட்டு, இடியாப்பம், மரச்சீனிக் கிழங்கு, கேப்பை, பயறு, மீன் எல்லாம் ஆகும். இந்தப் பக்கத்துச் சமையலுக்கு இது பெரிய கஷ்டம் இல்லை. ஒளிந்திருக்கும் கோதுமைதான் தொல்லை. கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது உண்டு. அங்கன்வாடியில் தரும் அமிர்தம் பொடியிலும் கோதுமை உண்டு. மற்ற குழந்தைகளுக்கு அது நல்ல உணவு. இந்தக் குழந்தைக்கு மட்டும் ஆகாது. பொட்டலத்தின் மேல் உள்ள எழுத்தைப் படித்து வாங்க வேண்டும்.

இன்சுலின் செலவு ஏழை வீட்டுக்குப் பெரிய சுமை. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்காகக் கேரள சமூகப் பாதுகாப்பு மிஷன் ஒரு திட்டம் நடத்துகிறது. அதன் பெயர் 'மிட்டாயி'. இனிப்புக்குத் தடை உள்ள பிள்ளைகளுக்கு இனிப்பின் பெயரிலேயே ஒரு திட்டம். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் அதன் மையம் உண்டு. சேர்வது எப்படி, என்ன தாள்கள் வேண்டும் என்று பக்கத்து சுகாதார மையத்திலோ ஆஷா பணியாளரிடமோ கேட்டு எழுதி வைத்துக் கொள்ளலாம். விரல் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி அந்த மையத்தில் எத்தனை மணி வரை கிடைக்கும் என்பதையும் கூடவே கேட்டுக் கொள்ளுங்கள்.